கலைச்சொல்: நுரையீரல் ‘சறுக்கல்’ வேண்டாம், ‘இழைவு’ எனலாமா?

> லங் ஸ்லைடிங் = நுரையீரல் சறுக்கல். நேராகப் பொருந்துகிறதே?

ஐயா, வணக்கம்.

அல்ட்ராசவுண்டில் தெரியும் நுரையீரல் நகர்வுக்கு அது பொருந்துவது போலத்தான் தெரிகிறது. ஆனால் தமிழில் சறுக்கல் என்றாலே கெட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். இங்கே நேர்மாறு, அது இருந்தால்தான் நல்லது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை நானே ஒரு தாயிடம், “இடப்பக்கம் சறுக்கல் இல்லைம்மா” என்று சொல்லிவிட்டேன். “நல்லவேளை டாக்டர்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொல்ல வந்ததோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்கிறது என்பதை. ஊசி வழியே அதை உறிஞ்சி எடுக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

திரையில் பார்த்தால், இரண்டு விலா எலும்புகளின் நிழலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் கோடு முன்னும் பின்னும் மினுமினுத்து நகரும். நுரையீரலைப் போர்த்திய உறை, மார்புச் சுவரின் உள்ளுறையை ஒட்டியபடியே நகர்வதுதான் அது. நடுவே காற்று புகுந்தால் மினுமினுப்பு நின்றுவிடும்.

வழுக்கல், நழுவல் இரண்டிலும் அதே சிக்கல். உரசல் கூடாது, அழற்சி கண்ட உறைகள் உராய்வதால் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ப்ளூரல் ரப்புக்கு அந்தச் சொல் வேண்டும். அசைவு என்றால் எதன் அசைவு? வென்டிலேட்டர் ஊதினால் மார்பே அசைகிறது.

இழைவு என்று வைக்கலாம். குரல் சுருதியோடு இழைகிறது என்கிறோமே, அந்த இழைவு. ஒட்டியிருப்பதும் நகர்வதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

ஒன்றை வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். வென்டிலேட்டருக்காகச் செலுத்திய செயற்கைச் சுவாசக் குழாய் வலப்பக்க மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிட்டால் காற்றுக்கசிவு இல்லாமலேயே இடப்பக்க இழைவு நின்றுபோகும். அப்போது இதயத் துடிப்புக்கேற்ப அந்தக் கோடு துள்ளும். ஆகவே இழைவின்மை வேறு, காற்றுக்கசிவு வேறு.

அப்புறம், ஒரே படத்தில் ஒரு பாதி இழைந்து மறு பாதி அசையாமல் நிற்கும் இடம், அதாவது லங் பாயின்ட்: ‘இழைவெல்லை’. நுரையீரலில் ஈரம் கூடும்போது அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து கீழே நீளும் பி-கோடுகளைப் பி-கோடுகளாகவே விட்டுவிடலாம்.

---

> லங் பாயின்ட்: ‘இழைவெல்லை’

இழைவு சரி, என் சறுக்கலைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இழைவெல்லை என்பதை முதல்முறை பார்க்கிறவர் ‘இல்லை’ என்று படித்துவிடுவார். ‘இழைவு எல்லை’ என்று பிரித்தே எழுதுவோம். டபுள் லங் பாயின்ட்டுக்கு இந்தச் சொல்லை நீட்டவும் கூடாது. அங்கே பி-கோடுகள் அடர்ந்த கீழ்ப்பகுதியும் தெளிவான மேல்பகுதியும் சந்திக்கின்றன. இரு பக்கமும் நுரையீரல் இழைந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குத் தனிச் சொல் வேண்டும்.