யானையை 'மேட் அஸ் எ ஹேட்டர்' என்று எழுதலாமா?

கேள்வி (ஆங்கில ஆசிரியை, கிளிநொச்சி):
தரம் பத்து மாணவன் ஒருவன், ஒட்டுசுட்டான் பக்கம் தங்கள் தென்னங்காணிக்குள் இரவில் புகுந்த தனியன் யானையைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதியிருக்கிறான். வேலியை முறித்ததையும் கன்றுகளின் குருத்தைப் பிடுங்கித் தின்றதையும் கண்முன் நிறுத்துகிறான். நடுவில் யானை 'மேட் அஸ் எ ஹேட்டர்' (ஹேட்டரைப் போலப் பைத்தியம் என்னும் ஆங்கில மரபுத்தொடர்) ஆக இருந்தது என்கிறான். அருமையாக எழுதும் பிள்ளை. சிவப்புக் கோடு போட மனம் வரவில்லை. இந்தத் தொடர் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தாது ரீச்சர். விசித்திரமாக நடக்கும் மனிதரைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெறிகொண்டு அழிக்கும் விலங்குக்கு 'ரன் அமோக்' சரியாக வரும். மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது அது.

பதில் 2 (ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், வவுனியா):
மனிதருக்கும் அதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஹேட்டர் என்றால் தொப்பி செய்பவர். அக்காலத்தில் முயல் ரோமத்தைப் பாதரச நைத்திரேற்றில் தோய்த்து, ஆவி பறக்கப் பதப்படுத்தித் தொப்பி செய்தார்கள். காற்றோட்டமில்லாத அறையில் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, நினைவு மங்கியது. மனிதரைக் கண்டாலே கூசி ஒதுங்கினார்கள். திடீரெனச் சீறி விழுந்தார்கள். அமெரிக்காவின் டன்பரி நகரம் தொப்பிக்குப் பேர்போனது. அந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த நாட்டுத் தொப்பித் தொழிலில் பாதரசம் 1941இல்தான் நின்றது. தொடர் பிறந்த கதை வேறு என்பாரும் உண்டு. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு உண்மை. கூலிக்குப் போய் நஞ்சு வாங்கியவர்களை ஊர் பைத்தியம் என்றது! வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

பதில் 3 (விவசாயி, முல்லைத்தீவு):
ஐயா சொன்னது மனதைத் தைத்தது. யானைக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். வளர்ந்த ஆண் யானைக்கு மதம் வருவது நோய் அல்ல, இயற்கை. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் மதநீர் வழியும், சிறுநீர் சொட்டும், தீனியில் நாட்டம் குறையும். குருத்தைத் தேடித் தின்றது பசி யானை. எங்கள் வயலுக்கும் கதிர் முற்றும் காலத்தில்தான் வருகிறது. யானை வெடியைக் கொளுத்தி நான்கு பக்கமும் கத்தினால் எந்த யானையும் மிரண்டு ஓடும், எதிர்ப்பட்டதை மிதிக்கும். ரீச்சர், பசியோடு வந்து வெடிக்கு மிரண்டது என்று தம்பி எழுதட்டும். அதற்கு ஆங்கிலத்தில் நேரான சொற்களே போதுமே.