அப்பாவுக்கு பார்க்கின்சன்: யோகா, மூச்சுப் பயிற்சி உதவுமா?

திருச்சி மகள்:
அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடமாக பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய். மாத்திரை ஒழுங்காகப் போகிறது. ஆனால் நிலைப்படியைத் தாண்டும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். "சீக்கிரம் வாங்கப்பா" என்றால் இன்னும் மோசம். விருந்தாளி வந்தால் கை நடுக்கம் கூடிவிடுகிறது, காபி டம்ளரைத் தொடவே மாட்டேன் என்கிறார். யோகாவும் தியானமும் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் எங்கள் சித்தப்பா. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

தென்காசி தையல்காரர்:
அம்மா, மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனக்கு ஒன்பது வருடமாக இந்த நோய். நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். காஜா எடுக்கும்போது விரல் மந்தமானதுதான் முதல் அறிகுறி.

கால் ஒட்டிக்கொள்வதற்கு எனக்கு உதவியது துணியில் கோடு போடும் சாக்பீஸ்தான். பிசியோதெரபி மேடம் சொன்னபடி கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஓர் எட்டுக்கு ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டவேண்டும் என்று நினைத்தால் கால் எழும்புகிறது. யோசிக்காமல் தானாக நடக்கவைக்கிற பகுதிதான் மூளையில் பழுதாகியிருக்கிறதாம். கவனம் வைத்து நடக்கிற வழி வேறு, அது இன்னும் திறந்திருக்கிறது என்றார். கோடு இல்லாத இடத்தில் அப்படியே நின்று, ஒரு மூச்சு முழுசாக விட்டு, உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி வலது காலை எடுப்பேன். அந்த நேரம் பின்னால் நிற்பவர்கள் பேசாமல் இருந்தாலே போதும்.

நடுக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் ஆள் வந்தால் கையைத் துண்டுக்குள் மறைப்பேன். மறைக்க மறைக்க ஆட்டம் கூடும். இப்போது "எனக்கு பார்க்கின்சன், கை ஆடும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னதும் தோள் தளர்கிறது, கையும் கொஞ்சம் அடங்குகிறது. டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்வேன். ராத்திரி படுத்தபடி கால் மணி நேரம் மூச்சைக் கவனிப்பேன். மனப் பதற்றம் குறைகிறது. ஆனால் மாத்திரை நேரம் தவறிய நாளில் எந்த மூச்சும் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியதில்லை.

பிசியோ, மதுரை:
ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆய்வுகளும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 பேரை வைத்துப் பார்த்ததில், வாரம் இரண்டு நாள் வீதம் 24 வாரம் தாய்ச்சி என்கிற மெதுவான சீனப் பயிற்சி செய்தவர்களுக்கு நிற்கும் நிதானம் கூடியது. வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். 2019இல் ஹாங்காங்கில் 138 பேரிடம் எட்டு வாரம் பார்த்தார்கள். கவனம் வைத்துச் செய்த யோகா, நடை அசைவில் மற்ற உடற்பயிற்சிக்குச் சமமாக இருந்தது. பதற்றத்தையும் மனச்சோர்வையும் அதைவிட நன்றாகவே குறைத்தது. இரண்டிலுமே மாத்திரைக்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை.

மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் பயிற்சி வையுங்கள். சுவர் ஓரமாக, ஆள் துணையோடு. படுத்தவர் சட்டென்று எழக்கூடாது, பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

திருச்சி மகள்:
ஐயா, மேடம், ரொம்ப நன்றி. இன்று மாலை நிலைப்படிக்கு முன்னால் கோலமாவில் நாலு கோடு இழுத்தோம். மூன்றாவது முறை அப்பா நிற்காமல் தாண்டினார். அம்மா அழுதுவிட்டார்.

தென்காசி தையல்காரர்:
ரொம்ப சந்தோஷம் அம்மா. ஆனால் மாவு வழுக்கும், இன்றைக்கே துடைத்துவிடுங்கள். தரை நிறத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற கலர் டேப் வாங்கி ஓரம் தூக்காமல் ஒட்டுங்கள்.