மாட்டுறையா, விசிப்பா? ஸ்டீயரிங் இயலுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பழைய வண்டிகளைச் சீரமைக்கும் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தேய்ந்த ஸ்டீயரிங் பற்றிய இயலில் மாட்டிக்கொண்டேன். அதில் மூன்று வேலைகள். வளையத்தின் வெடிப்பை அகழ்ந்து எப்பாக்சிப் பசை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசுவது ஒன்று. அளவெடுத்த தோலை வளையத்தின்மேல் தைப்பது இன்னொன்று. கடையில் கிடைப்பதை வாங்கி அப்படியே மாட்டுவது மூன்றாவது. பின்னிரண்டையும் 'உறை' என்றே எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்தில் 'உறை நழுவினால் உடனே கழற்றிவிடுங்கள்' என்று எச்சரிக்கை வருகிறது. பாடுபட்டுத் தைத்ததை யாராவது பிரித்துப்போட்டால் பழி எனக்கு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உறை இருக்கட்டும், ஸ்டீயரிங் எப்படித் தமிழாகும்? 'திருப்புச் சக்கரம்' என்று எழுதலாம்.

அகராதித் தொகுப்பாளர்:
ஐயா, மன்னிக்க வேண்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு என்கிறோம், சுடுச்சோறு என்பதில்லை. திருப்புசக்கரம் என்பதே சரி. ஆனால் 'சுக்கான்' என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

தமிழாசிரியர்:
சுக்கான் அரபுச் சொல். அதுவும் கப்பலின் பின்பக்கம் இருப்பது.

அகராதித் தொகுப்பாளர்:
அரபு என்று தள்ளினால் வக்கீலையும் வசூலையும் கூடவே அனுப்ப வேண்டிவரும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஸ்டீயரிங் ஸ்டீயரிங்காகவே இருக்கட்டும், பதிப்பகமும் அதையே கேட்கிறது. எனக்கு உறைதான் சிக்கல்.

பட்டறை வைத்திருப்பவர்:
வேலையைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பாருங்கள். பழைய வளையங்களில் உள்ளே எஃகுச் சட்டம், மேலே கெட்டி ரப்பரோ, பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கோ. வெயிலில் மேற்பூச்சு சுருங்கும், எஃகு சுருங்காது. அதனால் ஆரக்கால் சேரும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். தோல் போடுவதென்றால் வளையத்தின் சுற்றளவைவிடத் தோலைச் சற்றுக் குறைவாக வெட்டி, லேசாக நனைத்து, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி இருக்கும். தையல் உட்புறம் விழும். மாட்டும் உறையில் இந்த இறுக்கம் வராது. வளைவில் கை திரும்பும், உறையும் திரும்பும், சக்கரம் திரும்பாது. இந்த வேறுபாடு தெரியாத சொல் எனக்கு வேண்டாம்.

அகராதித் தொகுப்பாளர்:
அப்படியானால் இறுக்கத்தைச் சொல்லும் வேர் தேவை. பொருநராற்றுப்படையில் யாழுக்குத் தோல் போர்த்திய இடத்தைப் பாருங்கள். 'விசியுறு பச்சை' என்று வருகிறது. விசித்தல் என்றால் இழுத்துக் கட்டுதல், பச்சை என்றால் தோல். கொஞ்சம் தள்ளி 'பொல்லம் பொத்திய' போர்வை, அதாவது இரு விளிம்பையும் கூட்டித் தைத்தது. இவர் சொன்ன வேலையேதான்! தைப்பதைத் 'தோல் விசிப்பு' என்போம்.

தமிழாசிரியர்:
அருமை. விசி, விசை இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். விசிப்பலகைக்கும் அதுவே மூலமாக இருக்கலாம். முன்பு பலகைக்குப் பதில் கயிற்றை விசித்துத்தானே...

கல்லூரி மாணவர்:
ஐயா, பலகை வண்டியில் இல்லை. 'விசிப்பு' என்று படித்தால் என் நண்பர்கள் அச்சுப்பிழை என்று 'விரிப்பு' ஆக்கிவிடுவார்கள். 'பச்சை' என்று எழுதினால் பச்சை நிறத் தோலைத் தேடுவார்கள். தைப்பதற்குத் 'தையலுறை', மாட்டுவதற்கு 'மாட்டுறை'. முடிந்தது.

அகராதித் தொகுப்பாளர்:
முடியவில்லை. மாடு + உறை என்றாலும் மாட்டுறைதான், நாடு நாட்டு ஆவதைப்போல. மாட்டுத்தோலில் தைத்தது தையலுறை, பிளாஸ்டிக்கில் செய்தது மாட்டுறை! இதைவிடக் குழப்பத்தைத் திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

தமிழாசிரியர்:
தவிரவும் உறை என்றாலே கழற்றக்கூடியது. வாளுறை, தலையணையுறை, கையுறை. தைத்து நிலைத்ததை உறை என்பது வழு.

மாணவர்:
உறைகிணற்றில் மண் சரியாமல் இறக்கும் வளையமும் உறைதானே, அதை யார் கழற்றினார்கள்?

(ஒரு நாள் யாரும் எழுதவில்லை.)

தமிழாசிரியர்:
உறைகிணற்றைப் பற்றி யோசித்தேன். ஒப்புக்கொள்கிறேன், அரைமனத்துடன்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. தைப்பதற்குத் 'தோலுறை தைத்தல்', மற்றதற்கு 'மாட்டும் உறை' என்று பிரித்தே எழுதிவிட்டேன். நால்வரில் மூவர் சரி என்றதாக எடுத்துக்கொள்கிறேன். 'விசிப்பு' ஒரே ஓர் இடத்தில், பட வரியில் இருக்கிறது. 'தோலை விசித்துப் பிடிக்கவும்' என்று.

அகராதித் தொகுப்பாளர்:
பட வரியில்! சங்கச் சொல்லுக்கு அவ்வளவுதான் இடமா? என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

பட்டறை வைத்திருப்பவர்:
வெடிப்பை அகழ்ந்து நிரப்பும் வேலைக்குப் பெயர் வைத்தீர்களா? கையேட்டில் அதுதானே முதல் வேலை.

தமிழாசிரியர்:
நல்ல கேள்வி. 'பொத்துதல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'நிரப்புதல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.