லிப்இவி, லிப்இவென்ட் பில்ட் ஆப்ஷன்களில் மாட்டிய அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கீழவாசல்

நடந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

லிப்இவி, லிப்இவென்ட் இரண்டும் சாக்கெட்டில் டேட்டா வருவது போன்ற ஈவென்ட்டுக்காகக் காத்திருந்து, வந்ததும் நம் ஃபங்ஷனைக் கூப்பிடும் சி லைப்ரரிகள். எங்கள் மெயின் புரோகிராம் லிப்இவியில் ஓடுகிறது. பிளகின்கள் தனித்தனி எஸ்ஓ ஃபைல்கள், ஓடும்போதே டிஎல்ஓப்பன் வழியாக ஏறும். எந்த ஈவென்ட்டைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரக்டான வாட்சரை உருவாக்குவதும் ஸ்டார்ட் செய்வதும் மெயினின் வேலை, ஈவென்ட் வந்ததும் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனான கால்பேக்கை மட்டும் பிளகின் கொடுக்கும். புதிதாக வந்த ஒரு பிளகின் முதல் ஈவென்ட்டிலேயே விழுந்தது. கம்பைல் செய்தபோது ஒரு வார்னிங்கூட இல்லை. பிளகினிலிருந்து ஃபங்ஷனை எடுக்கும் டிஎல்சிம் கையில் தருவது வெறும் வாய்டு பாயின்டர்தானே, அதை எதுவாக காஸ்ட் செய்தாலும் கம்பைலர் கேட்காது.

ராத்திரி ஒன்றரை மணி. ஜிடிபியில் அந்தக் கால்பேக்குக்குள் நிற்கிறேன். கடைசி ஆர்கியுமென்ட் ரிவென்ட்ஸ், என்ன ஈவென்ட் வந்தது என்று சொல்லும் எண். ரீட் ஈவென்ட் என்றால் அதில் 1 இருக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒரு பெரிய எண் இருந்தது. குப்பை என்று தள்ளிவிட்டு வேறு எங்கெங்கோ தேடினேன். அரை மணி நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதை ஹெக்ஸில் பிரின்ட் செய்தேன். அந்த எட்டு எழுத்தையும் கொஞ்சம் முன்னால் திரையில் பார்த்த ஞாபகம். மேலே தள்ளிப் பார்த்தால், ஒரு ஃபிரேம் மேலே லிப்இவி வைத்திருந்த வாட்சர் முகவரியின் கடைசி எட்டு எழுத்து அப்படியே இங்கே உட்கார்ந்திருந்தது.

மெயின் அனுப்புவது மூன்று: லூப், வாட்சர், ரிவென்ட்ஸ். பிளகின் வாங்குவது இரண்டு: வாட்சர், ரிவென்ட்ஸ். ஆக, லூப்பை வாட்சர் என்றும், வாட்சரின் முகவரியை ரிவென்ட்ஸ் என்றும் அது படித்துக்கொண்டிருந்தது.

காரணம், அந்த பிளகினின் மேக்ஃபைலில் சைஸைக் குறைக்கப் போட்டிருந்த இவி_ஃபீச்சர்ஸ்=0. லிப்இவியின் எந்தெந்த வசதி வேண்டும் என்று பிட் பிட்டாகச் சொல்லும் எண் அது. அந்த எண்ணில் 4 என்ற பிட் இல்லாவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட லூப் வைத்துக்கொள்ளும் வசதியான இவி_மல்டிப்ளிசிட்டியும் சேர்ந்து போய்விடும். கால்பேக்கை, லூப் ஆர்கியுமென்ட்டைச் சேர்க்கும் இவி_பி_ மேக்ரோ வைத்து எழுதியிருந்தார்கள், அதுதான் சரியான முறையும்கூட. மல்டிப்ளிசிட்டி இல்லையென்றால் அந்த மேக்ரோ ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். கோடைப் படித்தால் ஒரு தப்பும் கண்ணில் படாது. இவி_மல்டிப்ளிசிட்டி=1 என்று ஒரு டிஃபைன் சேர்த்தேன், ஓடிவிட்டது.

பைட்கணக்கு

கீழவாசல், கடைசி வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓடியிருக்கலாம், ஆனால் சரியாகவில்லை.

4 என்ற பிட் மல்டிப்ளிசிட்டிக்கு மட்டும் உரியது இல்லை. எந்த வாட்சர் முதலில் என்று சொல்லும் பிரையாரிட்டியின் எல்லையும் அதன் கையில்தான். வழக்கமாக -2 முதல் +2 வரை. ஃபீச்சர்ஸ்=0 என்றால் இரண்டு எல்லையும் 0. இரண்டும் சமமாக இருந்தால் வாட்சர் ஸ்ட்ரக்டில் பிரையாரிட்டி என்ற ஃபீல்டையே ஹெடர் எடுத்துவிடும். 64 பிட்டில் கணக்குப் போடுங்கள்: ஆக்டிவ் 4 பைட், பெண்டிங் 4 பைட், பிரையாரிட்டி 4 பைட், அலைன்மென்ட்டுக்காக இன்னொரு 4, பிறகு டேட்டா பாயின்டர். அதாவது டேட்டா 16-ஆவது பைட்டில். பிரையாரிட்டி இல்லாத ஸ்ட்ரக்டில் அதே டேட்டா 8-ஆவது பைட்டில். மல்டிப்ளிசிட்டியை 1 ஆக்கியது ஃபங்ஷனின் உருவத்தை மட்டும்தான் சரிசெய்தது. ஸ்ட்ரக்ட் இன்னும் கோணல்தான். மெயினிலும் பிளகினிலும் இவி_ஐஓ என்ற வாட்சர் ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப் பிரின்ட் செய்து பாருங்கள்.

எனக்கு நடந்தது சின்னது. எல்லா வாட்சரிலும் டேட்டா ஃபீல்டை வைக்கும் இவி_காமன் மேக்ரோவை வேறொருவர் மாற்றிக் கட்டியிருந்த லைப்ரரியோடு என் கோடை லிங்க் செய்து, ஒரு முழு நாள் போனது. டேட்டா இருக்கும் இடத்தில் அவருடைய இரண்டு ஃபீல்டுகள் இருந்தன. பெர்லின் இவி மாட்யூலும் தன் தேவைக்காக இவி_காமனை மாற்றித்தான் வைத்திருக்கிறது. அவர்கள் ஹெடரையும் சேர்த்தே தருகிறார்கள், அதனால் பிரச்சினை வருவதில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இதில் மாட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த டிஃபைன்களை மேக்ஃபைலில் எழுதவே எழுதாதீர்கள். எங்கள்இவி என்று ஒரு ஹெடர் வைத்து, எல்லா டிஃபைனையும் அதில் போட்டு, கடைசி வரியில் லிப்இவியின் சொந்த ஹெடரை இன்க்ளூட் செய்யுங்கள். புராஜெக்டில் வேறு எந்த ஃபைலும் லிப்இவி ஹெடரை நேராகத் தொடக்கூடாது. லிப்இவியின் சோர்ஸான இவி.சியை இன்க்ளூட் செய்யும் ஒரே ஒரு சி ஃபைலும் இந்த ஹெடரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பிளகின் ஏறும்போது அது தன்னுடைய சைஸ்ஆஃப் எண்ணைச் சொல்லட்டும், மெயின் தன் எண்ணோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் ஏற்றாமல் விடட்டும். வெர்ஷன் நம்பரை ஒப்பிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. ஒரே சோர்ஸிலிருந்து, ஒரே வெர்ஷனில், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு லைப்ரரி கட்ட முடியும் என்பதுதான் இங்கே விஷயமே. அடுத்த கட்டமாக, மெயினுக்கும் பிளகினுக்கும் தனித்தனி ரிப்பாசிட்டரி இருந்தால், இந்த ஹெடரை நகல் எடுத்து வைக்காமல் ஒரே இடத்திலிருந்து இழுங்கள். நகல் எடுத்தால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறாகிவிடும்.

இன்னொன்று. இவி_ஃபீச்சர்ஸை யாரும் தொடாவிட்டாலும் அது மாறும். கம்பைலர் சைஸுக்காக ஆப்டிமைஸ் செய்கிறது என்று தெரிந்தால் ஹெடரே 0x7எஃப்-க்குப் பதில் 0x7சி எடுத்துக்கொள்ளும். நல்லவேளை, இதில் 4 என்ற பிட் அப்படியே இருக்கிறது.

மழைக்கால்

எனக்கு ஸ்ட்ரக்ட் பிரச்சினை இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது, மெதுவாக ஓடியது. அதனால்தான் கண்டுபிடிக்க மூன்று வாரம்.

லிப்இவியை சோர்ஸோடு உள்ளே வைத்து, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று சொல்லும் இவி_ஸ்டாண்டலோன் போட்டுக் கட்டும் சர்வர். என் லேப்டாப்பில் ஆறாயிரம் கனெக்ஷன் சும்மா நின்றால் சிபியூ அசையாது. கன்டெய்னரில் அதே ஆறாயிரத்துக்கு ஒரு கோர் முக்கால்வாசி போய்விடும். நெட்வொர்க் ஆட்களைத் தொல்லை செய்தேன், கெர்னல் வெர்ஷனைச் சந்தேகித்தேன், மெமரி லிமிட்டைக் கூட்டினேன்.

கடைசியில், புரோகிராம் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டேன். எந்த கனெக்ஷனில் வேலை வந்தது என்று கெர்னலிடம் கேட்க லினக்ஸில் இருக்கும் வேகமான வழி இபோல், அதன் இபோல் வெயிட் வரிகள் வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ ‘போல்’ என்ற பழைய வழி. அடைப்புக்குள் முப்பத்திரண்டு எஃப்டி (ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் உள்ள எண்), பிறகு மூன்று புள்ளி, பிறகு 6012. ஒவ்வொரு தடவையும் ஆறாயிரம் எஃப்டியின் பட்டியலைக் கெர்னலிடம் தூக்கிக் கொடுத்து, ஒன்றிரண்டு பதிலை வாங்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து. திரையில் அந்த வரி ஓடிக்கொண்டே இருந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

எந்த வழியை லிப்இவி எடுத்தது என்று சொல்லும் இவி_பேக்எண்டின் மதிப்பை லாகில் போட்டேன். லேப்டாப்பில் 4, அது இபோல். கன்டெய்னரில் 2, அது ‘போல்’.

இவி.சியைத் திறந்து படித்த பிறகுதான் விளங்கியது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இல்லாமல் கட்டும்போது, இபோல் இருக்கிறதா என்பதை அது லினக்ஸ் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.4 அல்லது அதற்கு மேலா என்றும் பார்க்கிறது. எங்கள் கன்டெய்னர் இமேஜில் இருந்தது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. அங்கே ஜிலிப்சி மேக்ரோவே கிடையாது, ஆகவே இபோல் இல்லை என்று எடுத்துக்கொண்டு அமைதியாக போலுக்கு இறங்கிவிட்டது. ஐநோட்டிஃபை, ஈவென்ட்எஃப்டி எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஜிலிப்சி கேள்விதான். இவி_யூஸ்_இபோல்=1 என்று நாமே சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு வரி.

பழைய_சி

மஸ்லைக் குறை சொல்ல எதுவும் இல்லை, லிப்இவியையும் சொல்ல முடியாது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓட்டியிருந்தால் அது இபோல் ஹெடர் இருக்கிறதா என்று நேரடியாகச் சோதித்திருக்கும். அதை விட்டுவிட்டு ஸ்டாண்டலோன் எடுத்தால், ஸ்கிரிப்ட் செய்யும் வேலை நம் தலையில் வந்துவிடும்.

மழைக்கால்

நான் யாரையும் குறை சொல்லவில்லை, சார். எனக்கு நடந்ததை எழுதினேன். ஸ்டாண்டலோன் ஆப்ஷனே சோர்ஸை உள்ளே வைத்துக் கட்டுகிறவர்களுக்காக அவர்கள் கொடுத்ததுதான், அதைப் பயன்படுத்துவது தப்பில்லை. எந்த பேக்எண்ட் கிடைத்தது என்று ஸ்டார்ட்டில் ஒரு வரி லாக் இருந்திருந்தால் மூன்று வாரம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய_சி

சரி, லாக் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதற்கு இன்னொரு வழியும் உண்டு, கோடில் கை வைக்கவே வேண்டாம். லிப்இவி_ஃபிளாக்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் 4 என்று வைத்து ஓட்டுங்கள். இபோல் உள்ளே கம்பைல் ஆகவில்லை என்றால் டிஃபால்ட் லூப்பே கிடைக்காது, ஸ்டார்ட்டிலேயே நின்றுவிடும். மாற்றி 1 வைத்தால் எந்த மெஷினிலும் செலக்ட் என்ற பழைய வழியில் ஓட்டிப் பார்க்கலாம், கஸ்டமர் இடத்து நிலைமையை நம் மேஜையில் கொண்டுவர இது ரொம்ப உதவும். செட்யுஐடி புரோகிராமில் (ஓட்டுகிறவரின் உரிமையில் இல்லாமல் ஃபைலின் சொந்தக்காரர் உரிமையில் ஓடுவது) இந்த வேரியபிளை அது படிக்காது. லிப்இவென்ட் பயன்படுத்துகிறவர்கள் ஈவென்ட்_ஷோ_மெத்தட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்தால், எதைத் தேர்ந்தெடுத்தது என்று அதுவே எழுதிக் காட்டும். ஈவென்ட்_நோஇபோல் வைத்தால் இபோலை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும்.

என் சொந்த அனுபவம் எதையும் எழுதவில்லை என்று தெரிகிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஊசிமுனை

லிப்இவென்ட் பேச்சு வந்ததால் என்னுடையது.

சர்வரை நிறுத்தச் சொல்லி இன்னொரு திரெட்டிலிருந்து, லூப்பை நிறுத்தும் ஃபங்ஷனான லூப்பிரேக்கைக் கூப்பிடுகிறேன். நிற்கவில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அப்படியே இருக்கிறது. கில் அடிக்கப் போகும் நேரத்தில் பக்கத்து சீட் பையன் டெஸ்ட்டுக்காக டெல்நெட்டில் கனெக்ட் செய்தான். அந்த நொடியே சர்வர் நின்றது. தற்செயல் என்று நினைத்து மறுபடி செய்தோம். நிறுத்தச் சொன்னேன், நிற்கவில்லை. அவன் கனெக்ட் செய்தான், நின்றது. பத்து தடவை செய்திருப்போம், பத்து தடவையும் அப்படியே.

திரெட் சப்போர்ட் இல்லாமல் ஓடினால் லூப் தூங்கிக்கொண்டே இருக்கும். பிரேக் என்ற கொடியை நாம் உயர்த்தியதை, அது வேறு காரணத்துக்காகக் கண் விழிக்கும்போதுதான் பார்க்கும். எழுப்பிவிடும் வழி, லூப்பைத் தாங்கும் ஈவென்ட் பேஸை உருவாக்கும் முன்பே ஈவிதிரெட்_யூஸ்_பிதிரெட்ஸ் கூப்பிட்டிருந்தால்தான் அமையும். எங்கள் கோடில் அந்தக் கூப்பாடு இருந்தது. சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த ஃபங்ஷன் லைப்ரரியில் உண்டு என்று காட்டும் இம்ப்ளிமென்டட் மேக்ரோ இருந்தால் மட்டும் கூப்பிடு என்று ஒரு இஃப்டெஃப்புக்குள். லைப்ரரியைக் கட்டியவர், இமேஜ் சைஸுக்காக டிஸேபிள்-திரெட்-சப்போர்ட் கொடுத்திருந்தார். மேக்ரோ இல்லை, கூப்பாடு இல்லை, எரரும் இல்லை.

அந்த இஃப்டெஃப்பை எடுத்துவிட்டேன். இப்போது யாராவது அப்படிக் கட்டினால் பில்டே ஆகாது.

தறிக்காரன்

சுருக்கமாக. புராஜெக்ட் முழுக்க டபிள்யூஎரர், அதாவது வார்னிங் வந்தாலே எரர். இவி.சி உள்ளே வந்ததும் ஸ்டிரிக்ட் அலையாசிங் வார்னிங் (ஒரே இடத்தை வேறு வேறு டைப் பாயின்டரால் தொடுவது பற்றியது) வந்து பில்ட் நின்றது. எனக்கு முன்னால் இருந்தவர் இவி.சியையே திருத்தி எல்லா வார்னிங்கையும் அடக்கிவிட்டுப் போயிருக்கிறார். புது வெர்ஷனுக்கு மாற வேண்டிய நாளில் டிஃப் எடுத்தேன், நானூறு வரிக்கு மேல். எது வார்னிங்குக்காக, எது பக் ஃபிக்ஸுக்காக என்று ஒரு கமென்ட்கூட இல்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் வார்னிங்கை அணைத்தால் போதுமே, ஏன் இப்படிச் செய்தார் என்று இன்றும் தோன்றும். லிப்இவியை எழுதிய மார்க் லேமன் மேனுவலிலேயே கம்பைலர் வார்னிங் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்.

மழைக்கால்

தறிக்காரன், அந்த நானூறில் உண்மையான பக் ஃபிக்ஸ் ஏதாவது இருந்ததா?

தறிக்காரன்

ஒன்றும் இல்லை.

கீழவாசல்

பைட்கணக்கு சொன்னதைப் படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. இன்று அந்த பழைய டேகை எடுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் பிரின்ட் போட்டேன்.

மெயின் 48. பிளகின் 40.

அப்புறம் எப்படி இரண்டு வருடம் ஓடியது என்று பார்த்தேன். அந்தக் கால்பேக் வாட்சருக்குள் எதையும் படிப்பதில்லை. வந்த பாயின்டரை அப்படியே மெயினின் இன்னொரு ஃபங்ஷனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். டேட்டாவைத் தொட்டிருந்தால் 8-ஆவது பைட்டில் பிரையாரிட்டியின் 0 இருந்திருக்கும். 0 நிரப்பித் தரும் காலாக்கில் எடுத்த இடம் என்பதால் பக்கத்து நாலு பைட்டும் 0. ஆக, நல் பாயின்டர்.

போன மார்ச்சில் ஒரு ஜூனியர் அந்த பிளகினில் ஒரு வசதி சேர்க்கப் போய், டேட்டா எப்போதும் நல் வருகிறது என்று என்னிடம் வந்தார். நீ செட் செய்ய மறந்திருப்பாய், சரியாகப் பார் என்று திருப்பி அனுப்பினேன். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, டேட்டா இல்லாமல் ஒரு குளோபல் டேபிள் வைத்து எழுதி முடித்தார். ரிவ்யூவில் அந்த டேபிள் எதற்கு என்று நான்தான் கேட்டேன்.

இன்று மதியம் அவரைக் கூப்பிட்டு இந்த இரண்டு எண்ணையும் காட்டினேன். ஹெடரை ஒன்றாக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் கட்டிப் பார்த்தோம், இரண்டு பக்கமும் 48. டேபிளை எடுத்துவிட்டு டேட்டாவுக்கே மாற்றிய பேட்ச் இப்போது ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது.