புதுப்பிப்பு: ஜன்னல் ஓரத்து எவர்சில்வர் டம்ளர்

போன மாசம் எழுதியிருந்தேன்: எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பீங்கான் கப், துப்புரவு வேலை பார்க்கிற அக்காவுக்கு மட்டும் ஜன்னல் ஓரமா தனியா ஒரு எவர்சில்வர் டம்ளர். என்ன செய்யலாம்னு கேட்டிருந்தேன்.

நீங்க சொன்னபடி முதல்ல அக்காகிட்ட பேசினேன். நல்லவேளை. "நான் கான்ட்ராக்ட் ஆளு தம்பி, வேலை போயிடும்"னாங்க. அதனால அவங்க பேரே வராம, அதே இடத்துல டீ குடிக்கிற நாங்க 6 பேர் கையெழுத்துப் போட்டு எச்.ஆர்.கிட்ட கொடுத்தோம்.

"உள்ளகப் புகார்க் குழுகிட்ட போங்க"ன்னு அனுப்பினாங்க. 2013 சட்டப்படி அமைச்ச அந்தக் குழு பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கத்தான். சாதிக்கு எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு குழுவே இல்லைங்கிறது அப்பதான் உறைச்சது. அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சிருக்கு, 1955-ல வந்த குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தண்டிக்குது. இந்த ரெண்டையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினோம். மூணாம் நாளே டம்ளர் போயிடுச்சு, எல்லாருக்கும் ஒரே கப். அக்காவை வேலையிலிருந்து மாத்த மாட்டோம்னு கான்ட்ராக்டர்கிட்ட எழுதியும் வாங்கியாச்சு.

ஒரு சீனியர் இப்ப வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டு வர்றார். ஏன்னு எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் அக்கா அந்தக் கப்பை மூணு தடவை கழுவி வெச்சாங்க. நாங்க யாரும் அப்படிக் கழுவினதே இல்லை. எனக்குத் தாங்கலை.

சாதிப் புகாரையும் கம்பெனி விதிமுறையில சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கோம். பதில் இன்னும் வரலை.