சமூக நிதியில் காசு கேட்கப் போகிறேன், எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

வாவிக்கரை (ஆரையம்பதி)

வணக்கம். ஆரையம்பதியில் ஒரு சின்னக் கணினி வகுப்பு நடத்துகிறேன். எட்டு மெசின். அதில் ரெண்டு மாரி காலத்தில் எழும்பாது.

எங்கள் அப்பப்பா கூத்து அண்ணாவியார். அவர் பழக்கிய வடமோடிக் கூத்துப் பாட்டுகள் பதினொரு கேசட்டில் இருக்கின்றன. அவற்றை எழுத்தாக்க வேண்டும் என்று, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்தேன். மத்தளமும் சல்லரியும் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில் அது எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் திருத்துவதற்கு ஒரு முதல் பிரதியாவது கிடைக்கிறது. என் லெப்டொப்பில் இப்படியான வேலையை வேகமாகச் செய்யும் ஜிபியு சில்லு இல்லை, ஒரு கேசட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். அதனால் ஒரு பரவலாக்கப்பட்ட கிளவுட் தளத்தில் மணிக்கணக்கில் ஜிபியு வாடகைக்கு எடுத்தேன். பெயர் வேண்டாம், காஸ்மோஸ் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பின் மேல் கட்டிய பிளாக்செயின் சங்கிலிகளில் ஒன்று, வாடகையை அதன் டோக்கனில், அதாவது அதன் சொந்த நாணயத்தில், கட்ட வேண்டும். தெரியாதவர்களுக்கு: நமக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் போட்டால், சும்மா கிடக்கும் சேர்வரை வைத்திருப்பவர்கள் விலை கூறுவார்கள். விலை ஏறாது, இறங்கும். நம் மீன் ஏலத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி.

நாலு கேசட் முடிந்த இரவில் நான் கட்டியிருந்த முன்பணம் தீர்ந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் தானாக மூடிக்கொண்டது. எழுதி வைத்த கோப்புகளும் அதோடு போயின. விதி அப்படித்தான், ஆவணத்தில் இருக்கிறது, வாசிக்காதது என் பிழை. ஆனால் விடிய எழும்பித் திரையைப் பார்த்தபோது அங்கே இருந்தது ஒரேயொரு சொல், அதுவும் ஆங்கிலத்தில்: 'மூடப்பட்டது'.

மறுகா வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்து, ஒரு சின்ன இணையத்தளத்தை அங்கே ஏற்றச் சொன்னேன். நான் வாய் திறக்கவில்லை, பின்னால் நின்று குறிப்பு மட்டும் எடுத்தேன். ஒருவர் டோக்கன் வைக்கும் வாலட்டின் 24 இரகசியச் சொற்களை (யார் கையில் கிடைத்தாலும் காசு போய்விடும்) படம் பிடித்து வட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொண்டார். இன்னொருவர், என்ன ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் யாமல் கோப்பில், வரித் தொடக்கத்தில் இடைவெளிக்குப் பதிலாக டெப் விசையைத் தட்டிவிட்டார். யாமல் அங்கே டெப்பை ஏற்காது, வந்த பிழைச் செய்தியோ எந்த வரி என்றே சொல்லவில்லை. மற்றப் பிள்ளை முன்பணத்துக்கு 5 என்று போட்டார். ஐந்து டோக்கன் என்று நினைத்திருக்கிறார், அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டதோ டோக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அலகில் ஐந்து. ஏ.எல்லில் (உயர்தரத்தில்) கணிதம் படிக்கும் பிள்ளை அது! முழுதாக முடித்தவர் ஒருவர்தான், 50 நிமிடம் பிடித்தது.

இவற்றைத் திருத்த, அந்தச் சங்கிலியின் சமூக நிதியில், அதாவது டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்குப் போட்டுக் கொடுக்கும் பொதுப் பணத்தில், 4,800 டொலர் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஆறு வாரம். நிரல் எழுத மச்சான் இருக்கிறார், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கடைசியில் பதினைந்து பேரை வைத்து மறுபடி சோதனை. தமிழாக்கம் கேட்கவில்லை. ஆங்கிலத்திலேயே விளங்காத ஒன்றைத் தமிழில் போட்டு என்ன பயன்?

யாராவது இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எங்கே தடுக்கி விழுவேன்?

வாக்குப்பெட்டி (ஏறாவூர்)

நான் காசு கேட்டதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்துச் சங்கிலிகளில் ஐந்தாறு வருடமாக வாக்குப் போடுகிறேன், எது விழும் எது எழும்பும் என்று ஓரளவு தெரியும்.

அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று முதலில் நினைவில் வையுங்கள். எஸ்டிகேயின் இயல்பு அமைப்பில், டோக்கனைக் கட்டி வைப்பவர்களுக்கு வரும் வெகுமதியிலும் பரிவர்த்தனைக் கட்டணத்திலும் 2 வீதம் அதற்குள் போகிறது. டோக்கனைக் கட்டி வைத்திருப்பவர்களின் பங்கில் இருந்து வெட்டிய காசு அது, ஆகவே கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். 'வேண்டாம், வீட்டோ' என்ற வாக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முன்மொழிவோடு கட்டிய வைப்புத்தொகையும் எரிந்துவிடும். சும்மா 'வேண்டாம்' என்று தோற்றால் அது திரும்பி வரும். அதனால் சங்கிலியில் ஏற்றுவதற்கு முன் குறைந்தது ரெண்டு வாரமாவது கதைத்துவிட்டு வாருங்கள்.

யாரோடு கதைப்பது? வாக்குப் போடாதவர்களின் பலம், அவர்கள் டோக்கனை நம்பிக் கொடுத்த வேலிடேட்டரின் (சங்கிலியை ஓட்டிச் சரிபார்ப்பவரின்) வாக்கோடு போகும். அதனால் முதல் பத்து வேலிடேட்டர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஆயிரம் பேர் பார்க்கும் ட்வீட்டை விட அது வேலை செய்யும்.

அடுத்தது தொகை. கணக்கு டொலரில், கொடுப்பனவு டோக்கனில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போனதைக் கண்டவர்கள் நாம், டோக்கன் அதைவிட ஆடும். முப்பது நாள் சராசரி விலையை எடுத்து, மிஞ்சினால் நிதிக்கே திருப்பிப் போடுவேன் என்று எழுதுங்கள். யாரும் அந்த நிதிக்குள் காசு போடலாம், அதற்கென்றே கட்டளை இருக்கிறது. இன்னொன்று: வாக்கு வென்றால் முழுத் தொகையும் ஒரே அடியாக வந்து விழும். பெறும் முகவரியாக உங்கள் தனி வாலட்டைப் போடாதீர்கள். மூன்று பேரில் ரெண்டு பேர் கையொப்பம் வேண்டிய வாலட் ஒன்றை வைத்து, வேலை முடிய முடிய எடுங்கள்.

பதினைந்து பேர் எதற்கு? பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதிவிட்டார், ஐந்து பேரிலேயே சிக்கல்களில் 85 வீதம் அளவு வெளிப்பட்டுவிடும் என்று. அந்தப் பதினைந்து பேரையும் மூன்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ரெண்டு வாரமும் திருத்தியதைக் காட்டுங்கள். அதே செலவுதான்.

கல்முனைக்காரி

அண்ணன், ரெண்டு விஷயம்.

நான் வங்கியில் வேலை செய்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. மத்திய வங்கியின் 2021ஆம் ஆண்டின் 03ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, நம் டெபிட், கிரெடிட் கார்டுகளால் மெய்நிகர் நாணயம் வாங்க அனுமதி இல்லை. நீங்கள் எப்படி டோக்கன் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை! ஆனால் முன்மொழிவில் 'இலங்கையில் இருக்கும் பயனர் கார்டில் டோக்கன் வாங்கி...' என்று ஒரு படி வந்தால் அது இங்கே நடக்காத படி. அந்தச் சுவரையும் சிக்கல்களில் ஒன்றாக எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து வாக்குப் போடுபவர்களுக்கு இது தெரியாது.

ரெண்டாவது, தமிழ் வேண்டாம் என்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. முழுத் தளத்தையும் தமிழாக்கச் சொல்லவில்லை. உங்கள் நாலு கேசட் போன கதையையே எடுங்கள். 'உங்கள் முன்பணம் இன்னும் ஆறு மணித்தியாலத்தில் தீரும், தீர்ந்தால் கோப்புகள் அழியும்' என்ற ஒரே ஒரு வசனம். என் உம்மா ஏ.டி.எம்மில் தமிழைத் தெரிவு செய்வது ஆங்கிலம் தெரியாமல் இல்லை. காசு விஷயத்தில் பிழைத்துவிடுமோ என்ற பயம். காசும் அழிவும் வருகிற இடங்களில் மட்டுமாவது தமிழ் வேண்டும், சிங்களமும்.

வாவிக்கரை (ஆரையம்பதி)

டோக்கன் போட்டுவிட்டது டொரன்டோ மைத்துனர். கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி.

தமிழ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ராத்திரி அந்தக் குறிப்புக் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். பிள்ளைகள் சிக்கிய இடங்களை நான் நேர வரிசையில் எழுதியிருக்கிறேன். இழப்பு வரிசையில் எழுதியிருந்தால் டெப் விசை கடைசிக்குப் போயிருக்கும். டெப்பால் போவது பத்து நிமிடமும் கொஞ்சம் எரிச்சலும். 24 சொற்களும் முன்பணமும்தான் உண்மையில் பறிகொடுக்கிற இடங்கள். முதலில் இவை ரெண்டுக்கு மட்டும் கேட்கிறேன். மூன்று வாரம், 2,100 டொலர், எச்சரிக்கை வசனங்கள் மூன்று மொழியில். மச்சானுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது, பரவாயில்லை.

மூன்று கையொப்பத்தில் ஒன்று நான். மற்ற ரெண்டும் எனக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். வாக்குப்பெட்டி அண்ணா, நீங்கள் ஒன்று?

வாக்குப்பெட்டி (ஏறாவூர்)

சம்மதம். ஆனால் வேலை முடிந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கையொப்பம் வைப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டெப்_விசை (திருக்கோவில்)

டெப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டீர்களே, மனம் கேட்கவில்லை. கோப்பை ஒட்டியதுமே எத்தனையாவது வரியில் டெப் இருக்கிறது என்று காட்டுவதற்கு நாற்பது வரி நிரல் போதும். சும்மா எழுதித் தருகிறேன், அதைக் காசுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த ஐந்து பேரின் கோப்புகளும் இருந்தால் அனுப்புங்கள், பிழையோடு அப்படியே. திருத்திவிடாதீர்கள்.

கல்முனைக்காரி

மூன்றாவது கையொப்பம் நான் போட முடியாது, என் வேலைக்குச் சரிவராது. எச்சரிக்கை வசனங்களை அனுப்புங்கள், உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.