வாயில் மூன்று விரல் நுழைய வேண்டும்

முதல் முறை நீட் எழுதியபோது சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. இரண்டாம் முறைக்குப் படித்துக்கொண்டே, அறந்தாங்கி பக்கம் ஒரு பல் கிளினிக்கில் சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரை உதவியாளராக வேலை பார்த்தேன். பதினோரு மாதம். இப்போது கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறேன். பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.தான் எடுக்கப்போகிறேன் என்றதும், "ஏம்மா, எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்களிடம் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் கழுவுகிற வேலைதான். கருவிகளை பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, பவுச்சில் போட்டு ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து எடுக்க வேண்டும். பவுச்சில் இருக்கும் அடையாளப் பட்டை நிறம் மாறாமல் இருந்தால் கிளினிக் டாக்டர் மேடம் அதைக் கையால் தொடமாட்டார்.

அப்புறம் அல்ஜினேட் கலக்கக் கற்றுக்கொடுத்தார். பல் செட்டுக்கு அளவு எடுக்கிற பொடி அது. ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் சேர்த்து, கிண்ணத்தின் பக்கத்தோடு அழுத்தி அழுத்தித் தேய்த்தால் கட்டியில்லாமல் கெட்டித் தயிர் மாதிரி வரும். மே மாதத்தில் ஒரு நாள், நான் கலக்கியது ட்ரேயில் வைப்பதற்குள்ளேயே இறுகிவிட்டது. மறுபடி கலக்கினேன், மறுபடியும் அதே கதி. மேடம் கோபப்படவில்லை. குழாய்த் தண்ணீரில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். மொட்டைமாடி டேங்கிலிருந்து வெந்நீராக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சூடாக இருந்தால் அல்ஜினேட் சீக்கிரம் இறுகிவிடும். அந்தக் கோடை முழுக்க ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். வெப்பநிலை கூடினால் வினைவேகம் கூடும் என்று பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். விரலில் பட்டது அன்றைக்குத்தான்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்திலேயே இரண்டு வருஷம் கிராம்பை வைத்து ஓட்டிய ஒரு பாட்டி வந்தார். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று மேடம் சொல்லிப் பார்த்தார், பாட்டி அசையவில்லை. சுவரில் தொங்கிய தினசரி கேலண்டரைக் கழற்றி எடுத்துவந்து, "நல்ல நேரம் என்ன போட்டிருக்கு, படிங்க ஆத்தா" என்றார். பாட்டி படித்தார். ஊசி போட்டுப் பல்லை எடுத்த பிறகு அதே தாளை மறுபடி நீட்டினார். பஞ்சைக் கடித்திருந்ததால் பாட்டியால் பேச முடியவில்லை. கண் தெரிகிறது என்பதற்கு, தாளில் இருந்த மணியை ஒன்பது விரலை விரித்துக் காட்டினார். அந்த வாரமே பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு லாரி டிரைவர் அண்ணன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கடைவாய்ப் பல் வலி என்று வந்தார். மேடம் கண்ணாடியை உள்ளே விடப் பார்த்தார், போகவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னார். நல்ல வாய் என்றால் மூன்றும் நுழையும். அவருக்கு ஒரு விரல் போனது, இரண்டாவது இடித்தது. டார்ச் அடித்தபோது கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நரம்பு நரம்பாக இறுகியிருந்ததைப் பார்த்தேன். ராத்திரி வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பொட்டலம். பத்து வருஷப் பழக்கம். காரக் குழம்பு வாயில் வைத்தாலே எரிகிறது என்று வீட்டில் தனியாக மிளகாய் இல்லாமல் சமைக்கிறார்களாம்.

"நான் புகையிலை போடறதில்ல டாக்டரம்மா, வெறும் பாக்குதான்" என்று அவர் சொன்னபோது அதை அவர் எவ்வளவு நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் செய்தி லாரி ஷெட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. இறுகிய வாய் பழையபடி முழுசாகத் திறக்காது, பாக்கை நிறுத்தினால் மேலே மோசமாகாமல் பார்க்கலாம், சிலருக்கு இது புற்றாகவும் மாறும் என்று மேடம் பொறுமையாகச் சொல்லி, சதைப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். போனாரா என்று கேட்கும் பொறுப்பு எனக்கு. இரண்டு முறை பேசினேன். "லோடு இருக்கு பாப்பா, அடுத்த வாரம் போறேன்" என்றார். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

வேலைக்குச் சேரும்போது என் கனவு வேறு. பல்லுக்குக் கம்பி கட்டுகிற படிப்பு, சொந்தக் கிளினிக், வாசலில் என் பெயர்ப் பலகை. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த அண்ணன் பதினெட்டு வயதில் முதல் பொட்டலத்தைக் கிழித்தபோது பக்கத்தில் யாராவது இருந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றிக்கொண்டே இருக்கிறது. பி.டி.எஸ். நான்கு வருஷமும் ஒரு வருஷப் பயிற்சியும் முடித்து, மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறேன். 2023-இல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது. என் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவப் பிரிவில் படித்தவர்கள், முகாம்களுக்குப் போகிறவர்கள் இங்கே இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். வலி இல்லாததால் திரும்பி வராத ஒருவரை மறுபடி எப்படி வரவழைத்தீர்கள்? அந்த அண்ணன் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது.